பெங்களூரில் தனி ஆளாக ரிப்பேர் தொழில்: எந்தச் சங்கத்தில் சேர்வது, எப்படிச் சேர்வது

குழாய் ஒழுகல், ஸ்விட்ச், கதவுக் கீல், பாத்ரூம் டைல்ஸ் என்று ஒரு வீட்டின் சில்லறை வேலைகளை எல்லாம் ஒரே ஆளாகப் பார்ப்பவருக்குப் பெங்களூரில் வேலைக்குப் பஞ்சமில்லை. அல்சூர், ஸ்ரீராமபுரம், ஈஜிபுரா, லிங்கராஜபுரம் பக்கம் இருந்துகொண்டு இந்தத் தொழில் செய்யும் தமிழர்கள் நிறைய. ஆனால் ஏணியிலிருந்து விழுந்து ஒரு மாதம் படுத்துவிட்டால் யார் பார்ப்பார்கள்? அபார்ட்மெண்டில் வேலையை முடித்துக் கொடுத்த பிறகு பணம் மூன்று மாதம் இழுத்தால் யாரிடம் போவது? "நீ போன பிறகுதான் சுவரில் ஈரம்" என்று ஒருவர் சண்டைக்கு வந்தால் நம் பக்கம் யார் பேசுவார்கள்? சங்கம் தேவைப்படுவது இந்த மூன்று நாட்களுக்குத்தான். வேலை பிடித்துத் தருகிறோம் என்று சொல்லிச் சந்தா கேட்கும் இடங்களையும் இந்த மூன்று கேள்வியை வைத்தே எடை போடுங்கள்.

சந்தா கட்டும் முன், இலவசமாக முடிய வேண்டியவை

சில இடங்களில் "சேர்ந்தால் எல்லாப் பதிவும் செய்து தருகிறோம்" என்று 2,000, 3,000 ரூபாய் வாங்குகிறார்கள். அந்தப் பதிவுகளில் முக்கியமானவை இலவசம். அவற்றை நீங்களே முடித்துவிட்டுப் போனால், அந்தச் சங்கம் உண்மையில் என்ன தருகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

முதலில் பெயரைச் சரிபாருங்கள். நம் ஆட்களுக்கு எல்லா விண்ணப்பமும் தடுக்கி விழும் இடம் இனிஷியல்தான். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும். பான் அட்டையில் அதுவே அப்பா பெயராக விரிந்து முன்னால் நிற்கும். பாஸ்புக்கில் மூன்றாவதாக ஒரு விதம். ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஆதாரோடு இணைந்த செல்போன் எண் உங்கள் கையில் இருக்கட்டும். ஓடிபி ஊரில் இருக்கும் தம்பியின் போனுக்குப் போனால் அன்றைய நாள் வீண்.

அடுத்தது உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் ஆன்லைன் பதிவு. தனி ஆள் தொழிலுக்கு உரிமையாளரின் ஆதாரும் பானும் போதும். காகிதம் எதையும் ஏற்ற வேண்டியதில்லை, கட்டணமும் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் அரசுடையது அல்ல. தொழில் குறியீடு கேட்கும் இடத்தில் ஒன்றோடு நிறுத்தாதீர்கள். மின் பொருத்தல் 4321, பிளம்பிங் 4322, கட்டட முடிப்பு வேலைகள் 4330 என்று நீங்கள் செய்வதையெல்லாம் சேருங்கள். வகை கேட்கும்போது "சேவை" என்றே இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சென்டரில் அவசரத்தில் "வியாபாரம்" என்று தட்டிவிடுவார்கள். வியாபாரிகளுக்கு இந்தப் பதிவால் கடன் முன்னுரிமை மட்டுமே கிடைக்கும். இழுத்தடிக்கும் பாக்கியை வசூலிக்கும் உரிமை கிடைக்காது. நமக்கு இந்தப் பதிவு வேண்டியதே அந்த உரிமைக்காகத்தான்.

மூன்றாவது இ-ஷ்ரம், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசுப் பதிவு. வயது 16 முதல் 59 வரை, பிஎஃப், இஎஸ்ஐ இல்லாதவர், வருமான வரி கட்டாதவர் பதியலாம். 12 இலக்க எண் வரும்.

நான்காவது வங்கி வழியான காப்பீடு. ஆண்டுக்கு 20 ரூபாயில் விபத்துக் காப்பீடு (வயது 18 முதல் 70), 436 ரூபாயில் ஆயுள் காப்பீடு (வயது 18 முதல் 50). இரண்டுக்கும் ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. மே கடைசி வாரத்தில் கணக்கில் 500 ரூபாய் இல்லாமல் போனால் பணம் பிடிக்க முடியாமல் பாதுகாப்பு நின்றுவிடும். 20 ரூபாய்த் திட்டம் எதற்குப் பணம் தரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விபத்தில் மரணம் அல்லது முழு நிரந்தர ஊனம் என்றால் 2 லட்சம், ஒரு கண், ஒரு கை அல்லது ஒரு கால் நிரந்தரமாகப் போனால் 1 லட்சம். கால் எலும்பு முறிந்து இரண்டு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்தால் ஒரு ரூபாயும் வராது. நம் தொழிலில் அடிக்கடி நடப்பது இந்த இரண்டாவது வகைதான். ஒரு சங்கத்தின் உதவி நிதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்வதற்கும் இதுவே காரணம்.

பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தைக் காட்டி ஆள் சேர்ப்பவர்களும் உண்டு. 2023 செப்டம்பரில் வந்த அந்தத் திட்டத்தில் 18 தொழில்கள்தான் இருக்கின்றன. தச்சர், கொத்தனார், பூட்டு வேலை செய்பவர் உண்டு. பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் இல்லை. கருவிக்கு 15,000 ரூபாய், 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம் கடன், குடும்பத்துக்கு ஒருவர் என்பது கணக்கு. தச்சு வேலை தெரியாத பிளம்பரைத் தச்சர் என்று எழுதிப் பதிய வைப்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

நம்மைக் கூப்பிடும் சங்கங்கள் எவை

கட்டடத் தொழிலாளர் யூனியன்கள். இவற்றின் பெரிய பயன் நல வாரிய அட்டை. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த வாரியம் இது. கட்டுவது மட்டுமல்ல, கட்டடத்தைப் பழுதுபார்ப்பதும் பராமரிப்பதும் அதன் வரையறையில் உண்டு. வயது 18 முதல் 60 வரை. முந்தைய 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், திருமணம், விபத்து, ஓய்வூதியம் என்று உதவிகள் இருக்கின்றன. கர்நாடக வாரியத்தின் அலுவலகம் பன்னேர்கட்டா சாலையில், டெய்ரி சர்க்கிள் அருகே.

இங்கே எல்லோரும் மாட்டிக்கொள்வது அந்த 90 நாளில். தனி ஆளாக வீடு வீடாகப் போகிறவருக்கு யார் சான்று தருவார்? அதனால் இன்றைக்கே 40 ரூபாய்க்கு ஒரு நீள நோட்டு வாங்குங்கள். ஒரு நாளுக்கு ஒரு வரி: தேதி, கட்டடத்தின் முகவரி, செய்த வேலை, வேலை கொடுத்தவர் அல்லது மேஸ்திரி பெயர், போன் எண், அவர் கையெழுத்து. காண்டிராக்டரிடம் போன நாட்களை வட்டம் போட்டு வையுங்கள். விசாரணைக்கு வரும் தொழிலாளர் இன்ஸ்பெக்டர் நோட்டில் இருக்கும் இரண்டு எண்ணுக்குப் போன் போட்டுப் பார்த்தால் வேலை முடிந்தது. நோட்டு இல்லாமல் "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சான்று தரும் யூனியன் உங்களுக்குக் கெடுதல் செய்கிறது. மளிகைக் கடைக்காரருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் அட்டை வாங்கிக் கொடுத்த கதை கர்நாடகத்தில் நிறைய நடந்து, போலி அட்டைகள் கொத்துக் கொத்தாக ரத்தாகியிருக்கின்றன. அந்தக் கட்டில் உங்கள் விண்ணப்பமும் இருந்தால் நேர்மையானவருக்கும் சந்தேகப் பார்வைதான். அட்டை வந்த பிறகு புதுப்பிக்கும் தேதியை நோட்டின் அட்டையிலேயே எழுதுங்கள். விட்டுவிட்டால் உதவி கேட்கும்போது நிராகரிப்பார்கள்.

ஒரு தொழிலுக்கான சங்கங்கள். உரிமம் பெற்ற மின் காண்டிராக்டர்களுக்கு மாநில அளவில் சங்கம் இருக்கிறது. இந்தியன் பிளம்பிங் அசோசியேஷனுக்குப் பெங்களூர்க் கிளை உண்டு. அதில் பெரும்பாலும் ஆலோசகர்கள், பெரிய காண்டிராக்டர்கள், குழாய் கம்பெனிக்காரர்கள். தொடக்கத்தில் அங்கே உறுப்பினராவதைவிட, பயிற்சிக்கும் செய்முறைக் கூட்டங்களுக்கும் போய்வருவதே லாபம். மின் வேலையில் சட்ட எல்லை எங்கே என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பல்பு, ஃபேன், ஃப்யூஸ், ஸ்விட்ச் போன்றவற்றை அதே அளவில் மாற்றலாம். இணைப்பின் திறனோ தன்மையோ மாறும் எந்த வேலையையும் உரிமம் பெற்ற மின் காண்டிராக்டர்தான் செய்ய வேண்டும். கீசருக்குப் புது லைன் இழுப்பதும், மீட்டர் போர்டில் கை வைப்பதும் நம் எல்லைக்கு வெளியே. அதேபோல் குடிநீர் வாரியத்தின் புதிய இணைப்பு உரிமம் பெற்ற பிளம்பர் வழியாகத்தான். உங்கள் வட்டத்தில் இப்படி உரிமம் உள்ள ஒருவராவது இருக்கும் சங்கம் பத்து மடங்கு மதிப்புள்ளது. பெரிய வேலையை அவரிடம் கொடுத்து, சுவர் வெட்டுவதையும் பூசுவதையும் நீங்கள் பார்க்கலாம்.

வியாபார அமைப்புகள். கெம்பேகவுடா சாலையில் இருக்கும் கர்நாடக வர்த்தகத் தொழில் கூட்டமைப்பு 1916இல் தொடங்கியது, விஜயநகரில் இருக்கும் சிறுதொழில் சங்கம் 1949இல். நான்கைந்து பேரை வைத்து ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுக்கும் நிலைக்கு வந்த பிறகு இவற்றைப் பற்றி யோசிக்கலாம். வாரம் ஒரு காலை கூடி ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரைக் கைகாட்டும் குழுக்களும் உண்டு. ஒரு தொழிலுக்கு ஓர் ஆள் என்ற ஏற்பாடு நல்லதுதான், ஆனால் ஆண்டுக் கட்டணம் பத்தாயிரக் கணக்கில் போகும். மாதம் ஒரு லட்சத்துக்குக் கீழே பில் போடுகிறவருக்கு அது பாரம்.

1950இல் தொடங்கி, இன்று அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் தமிழ்ச் சங்கம் மொழிக்கும் பண்பாட்டுக்குமானது. அங்கே நட்பு கிடைக்கும். கூலிப் பாக்கிக்கு வேறு கதவுதான்.

கடைசியாக வட்டாரச் சங்கங்கள். முப்பது, நாற்பது பேர் சேர்ந்து ஒரு ஏரியாவுக்குள் நடத்துவது. தனி ஆள் தொழிலுக்கு மிகவும் பொருந்துவது இதுதான். நல்லதும் மோசமானதும் அடுத்தடுத்த தெருவில் இருக்கும், அதனால் விசாரிக்காமல் சேரக் கூடாது.

விசாரிப்பது எப்படி

பெயர்ப் பலகையில் சங்கத்தின் பெயருக்குப் பின்னால் கன்னடத்தில் அடைப்புக்குள் "ரி" என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். பதிவு செய்யப்பட்டது என்று அர்த்தம். எழுத்தை யாரும் எழுதிக்கொள்ளலாம். அதனால் பதிவு எண்ணையும் ஆண்டையும் கேளுங்கள். சான்றின் நகல் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். பிறகு போன பொதுக்குழு எப்போது நடந்தது, தணிக்கை செய்த வரவு செலவு எங்கே என்று கேளுங்கள். சந்தா சங்கத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போகிறதா, தலைவரின் சொந்த யுபிஐக்கா? இரண்டாவது என்றால் அப்படியே திரும்பிவிடலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஒரு கேள்வி பாக்கி. "போன ஒரு வருடத்தில் சங்கத்திடம் உதவி வாங்கிய இரண்டு பேரின் எண் கொடுங்கள்." விழுந்து படுத்தவர், பணம் வராமல் தவித்தவர், இப்படி இரண்டு பேர். அவர்களிடம் எத்தனை நாளில் உதவி வந்தது, எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். எண் தரத் தயங்கும் சங்கத்திடம் காட்ட எதுவும் இல்லை.

விதிகள் கன்னடத்தில்தான் இருக்கும். படிக்கத் தெரிந்தவரை வைத்து மூன்று இடங்களை மட்டும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்: உதவி நிதி, உறுப்பினரை நீக்கும் முறை, விலகினால் பணம் திரும்புமா.

சேர்ந்த பிறகு முதல் மூன்று மாதம்

அடையாள அட்டை வாங்குங்கள். அபார்ட்மெண்ட் கேட்டில் அதோடு போலீஸ் சரிபார்ப்புச் சான்றும் கேட்பார்கள். கர்நாடக அரசின் சேவா சிந்து இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். சான்று கையில் இருப்பவருக்கே நிரந்தர அனுமதி கிடைக்கும்.

ரசீதுப் புத்தகம் அடிப்பது அடுத்தது. இரண்டு தாள், கார்பன் நகல், வரிசை எண். பாத்ரூம் ஆங்கிள் காக் மாற்றிய ஒரு பில் இப்படி இருக்க வேண்டும்: மாற்றிய பொருள், கம்பெனி பெயர், விலை, கூலி தனியாக, பிறகு "வேலைக்குப் பின் 15 நிமிடம் தண்ணீர் திறந்து பார்த்தது, ஒழுகல் இல்லை", அதற்குக் கீழே "சுவருக்குள் போகும் பழைய ஜிஐ குழாய் துருப்பிடித்துள்ளது, மாற்றச் சொன்னோம், வாடிக்கையாளர் பிறகு பார்க்கலாம் என்றார்", கடைசியில் இரண்டு கையெழுத்து. துருப்பிடித்த குழாயைப் பற்றிய அந்த வரிதான் பத்து நாள் கழித்துச் சுவர் ஈரமானால் உங்களைக் காப்பாற்றும். தகராறு சங்கத்துக்கு வரும்போது, அந்த வரி இருக்கும் உறுப்பினருக்காகத்தான் நிர்வாகிகள் தைரியமாகப் பேச முடியும். கூலிக்கு 30 நாள் உத்தரவாதம், பொருளுக்குக் கம்பெனி உத்தரவாதம் என்று பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள்.

பாக்கி வசூலுக்கும் அதே பில்தான் ஆயுதம். உத்யம் எண் பில்லில் இருக்கட்டும். வேலை முடிந்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். அதற்கு மேல் போனால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. 46ஆம் நாள் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரு நினைவூட்டல் போகட்டும். பெரும்பாலும் அதிலேயே முடியும். முடியாவிட்டால் சிறுதொழில் வசதிக் குழுவிடம் ஆன்லைனில் புகார். உத்யம் பதிவுக்கு முன் முடித்த வேலைக்கு இந்த வழி கிடைக்காது.

தொழில் வரவுக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 2025 ஜூலையில் யுபிஐ வரவைப் பார்த்துப் பெங்களூர்ச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் வந்ததை மறந்துவிடக் கூடாது. கைமாற்றும் சீட்டுப் பணமும் பொருள் வாங்கக் கொடுத்த பணமும் ஒரே கணக்கில் கலந்தால் பிரித்துக் காட்ட முடியாது. எஸ்.பி. ரோட்டில் பொருள் எடுக்கும்போது வாடிக்கையாளரையே கடைக்கு நேராகப் பணம் அனுப்பச் சொல்லுங்கள்.

பொருந்தும் சங்கம் இல்லையென்றால்

கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம் 1960இன்படி ஏழு பேர் இருந்தால் போதும். நோக்கங்களும் விதிகளும் எழுதி, ஏழு பேரும் கையெழுத்திட்டு, மாவட்டச் சங்கப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். பிறகு சங்கத்தின் பெயரில் பான், இருவர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு. ஆண்டுப் பொதுக்குழு முடிந்ததும் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் தாக்கல் செய்யத் தவறாதீர்கள். சங்கங்கள் செத்துப்போவது இந்த ஒரு வேலையை ஒத்திப்போட்டுத்தான். ஏழோடு நிற்காமல் பத்துப் பேரோடு தொடங்குங்கள், இரண்டு பேர் ஊருக்குப் போய்விட்டால் சிக்கல். எல்லோரும் பிளம்பராக இல்லாமல் தச்சர், பெயின்டர், மின் உரிமம் உள்ளவர் என்று கலந்திருக்கட்டும். ஒரே தொழில்காரர்கள் மட்டும் கூடினால் வாடிக்கையாளர் போட்டி வந்துவிடும்.

உதவி நிதிக்கு ஒரு கணக்கு. 30 பேர், ஆளுக்கு மாதம் 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36,000. படுத்தவருக்கு நான்காம் நாளிலிருந்து நாளுக்கு 500 வீதம், அதிகம் 20 நாள் என்றால் ஒருவருக்கு 10,000. அப்படியானால் ஆண்டுக்கு மூன்று பேருக்குக் கொடுத்து 6,000 மிஞ்சும். முதல் ஆண்டில் இதற்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள். "இன்சூரன்ஸ்" என்ற சொல்லே எங்கும் வரக் கூடாது, அதற்கு உரிமம் வேண்டும். விதியில் "உதவி நிதி, இருப்பைப் பொறுத்து" என்று எழுதுங்கள். சங்கப் பணத்தில் சீட்டு நடத்தும் ஆசை எப்படியும் ஒருவருக்கு வரும். பதிவில்லாத சீட்டு 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதோடு நிதியும் போய்விடும்.

பொதுக் கருவிகளில் தொடங்குவதற்கு ஹேமர் டிரில், கோர் கட்டிங் மெஷின், குழாய் பிரஷர் டெஸ்ட் பம்ப், அடைப்பு எடுக்கும் ஸ்பிரிங் போதும். மெஷின் சங்கத்துடையது, பிட் எடுத்துப் போகிறவருடையது. பிட்டையும் பொதுவில் வைத்தால் எல்லாமே மழுங்கித்தான் திரும்பும். மெஷின் திரும்பி வந்ததும் கார்பன் பிரஷைக் கழற்றிப் பாருங்கள். 6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றுங்கள். தேய்ந்த பிரஷோடு ஓட்டினால் பொறி பறந்து ஆர்மேச்சர் கருகும், யார் கையில் கருகியது என்று ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதற்குத்தான் ஒரு பதிவேடும் முன்பணமும்.

மாற்றாள் விதியை முதல் கூட்டத்திலேயே எழுதுங்கள். ஒருவர் படுத்திருக்கும்போது அவருடைய வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகிறவர் தன் கார்டைக் கொடுக்கக் கூடாது. அன்றைய கூலி மாற்றாகப் போனவருக்கு, அடுத்த அழைப்பு பழைய ஆளுக்கு. இந்த ஒரு விதி இல்லாததால் உடைந்த நட்புகள் அதிகம்.

கூலி விஷயத்தில் கவனம் வேண்டும். "எல்லா உறுப்பினரும் இதற்குக் குறைந்து வாங்கக் கூடாது" என்று சங்கம் தீர்மானம் போட்டால், அது 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது. தொழில் சங்கங்கள் இதற்காக அபராதம் கட்டியிருக்கின்றன. அதற்குப் பதிலாகக் கணக்குப் போடக் கற்றுக்கொடுங்கள். பெட்ரோல் 4,000, வண்டிப் பராமரிப்பு 1,000, போன் 400, கருவித் தேய்மானம் 1,500, சந்தாவும் காப்பீடும் 600 என்று வைத்தால் மாதம் 7,500. நாளுக்கு மூன்று வீடு, 25 நாள் என்றால் 75 வீடு. ஒரு வீட்டு வாசலில் பெல் அடிப்பதற்கே 100 ரூபாய் செலவு. கூலி அதற்கு மேல்தான். புதிதாக வரும் தம்பியை உட்காரவைத்து அவருடைய எண்களை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். விசிட்டிங் சார்ஜ் கேட்க அதற்குப் பிறகு அவருக்குக் கூச்சம் இருக்காது.